பதினான்காம் எண்ணின் குறிப்புகள்

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், முன்பு ஜெராக்ஸ் மெஷின் இருந்த சின்ன அறைதான் கேள்விக்காரியின் அலுவலகம். மெஷினை எங்கோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் நான்கு கால் தடமும், சூடான மை வாசனையும் மட்டும் தங்கிவிட்டன. ஒரு மேஜை, ஒரு கணினி, சன்னல் மாதிரி ஒன்று. அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும்.

அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்தது அவளுடைய ஆய்வில் சேர்ந்த பெண்கள். முதல் சந்திப்பிலேயே ஆளுக்கு அறுபத்திரண்டு கேள்வி கேட்டால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பெண்கள் தங்கள் மாதவிடாயை எப்படிக் கவனித்து வைக்கிறார்கள், கையில் போனும் செயலியும் வந்தபிறகு அந்தக் கவனிப்பில் என்ன மாறுகிறது என்பதுதான் ஆய்வு. இருபத்திரண்டு பெண்கள், எட்டு மாதம். ஆளுக்கு ஒரு எண். பெயர் எங்கும் வரக்கூடாது.

செயலியைக் கணினித் துறை செய்து கொடுத்தது. திறந்தவுடன் ஒரு பூ விரியும். பிறகு, "குழந்தை வேண்டுமா? வேண்டாமா?" என்று இரண்டு பொத்தான். மூன்றாவது பொத்தான் கிடையாது. "ஏம்மா, இருக்கற மூணே வீட்டத் தலைகீழா புரட்டுது. இன்னைக்கு வருமா, நாளைக்கு வருமான்னு மட்டும் சொல்லச் சொல்லு அத," என்று நாற்பத்தாறு வயது வங்கிக் காசாளர் ஒருவர் முதல் நாளே சண்டைக்கு வந்தார். அதற்கப்புறம் மனநிலையைக் குறிக்க ஐந்து முகங்கள். ஐந்துமே கொஞ்சமாகவோ நிறையவோ சிரித்துக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அந்த வாரத்துத் தரவு வந்து இறங்கும். கேள்விக்காரி ஒரு கோப்பை டீயோடு உட்கார்ந்து இருபத்திரண்டு வரிசைகளையும் படிப்பாள். குறிப்புப் பெட்டியில் பெரும்பாலானவர்கள் ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்கள். "வலி." "சரி." "பரவாயில்ல." ஒருவர் வாரா வாரம் "போங்கப்பா" என்று எழுதினார். அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பதினான்காம் எண் மட்டும் வேறு மாதிரி.

"இரண்டாம் நாள். படியிறங்கும்போது இடது கையைச் சுவரில் வைத்தாள். போன மாதம் வைக்கவில்லை."

"நான்காம் நாள். வெந்நீர்ப் பை கேட்டாள். பை பத்து அங்குலம், போதவில்லை. பதினான்கு அங்குலப் பை வாங்கி உறை தைக்க வேண்டும்."

"ஏழாம் நாள். இன்னும் நிற்கவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்."

முதல் மாதம் இதைப் படித்தபோது கேள்விக்காரிக்குப் புல்லரித்தது. தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்கும் பெண்! இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதலாம் என்று தோன்றி, எழுதவும் ஆரம்பித்தாள். "சுயத்திலிருந்து விலகி நிற்கும் சுயம்" என்று தலைப்பெல்லாம் வைத்து ஆறு பக்கம் முடித்துவிட்டாள்.

நான்காவது மாதத்தில் ஒரு நாள்தான் பொறி தட்டியது. பதினான்காம் எண்ணின் பதிவுகள் எல்லாம் முற்பகல் பதினோரு மணி வாக்கில் ஏறியிருந்தன. பதினான்காம் எண் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு மணிக்கு ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்றுகொண்டிருப்பார். "வேலை நேரத்துல போனத் தொடவே மாட்டேன், அது பைக்குள்ள கிடக்கும்" என்று அவரே முதல் பேட்டியில் சொன்னது பதிவாகியிருந்தது. அப்புறம் அந்தப் பத்து அங்குலம், பதினான்கு அங்குலம். வீட்டில் யார் என்ன வேலை என்ற கேள்விக்கு வந்த பதிலைத் தேடிப் பார்த்தாள். கணவர்: தையல்காரர். வீட்டு முன்னறையிலேயே கடை.

கேள்விக்காரி அந்த ஆறு பக்கத்தையும் மூடிவிட்டு, டீயையும் மறந்துவிட்டு, பேராசிரியையின் அறைக்கு ஓடினாள்.

"என்னது, புருஷன் எழுதறானா?" பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அந்த வரிசையத் தூக்கிடு. நம்ம ஆய்வே பெண்கள் தங்களப் பத்தித் தாங்களே எழுதறதுதானே?"

"மேடம், நாலு மாசத் தரவு. இதுதான் இருக்கறதுலயே நல்ல குறிப்பு."

"நல்ல குறிப்புதான். ஆனா யாரோட குறிப்பு? அந்தம்மாவுக்குத் தெரியுமா? தெரியாம வேவு பாக்கறானா? அது முதல்ல தெரியணும். போய்க் கேளு. வீட்ல போய்க் கேக்காத, தனியா இருக்கும்போது கேளு."

அதுவரை கேள்விக்காரியின் கவலையெல்லாம் தரவு போய்விடுமே என்பதுதான். வேவு என்ற வார்த்தையைக் கேட்டதும், போய் உட்கார்ந்து அந்தக் குறிப்புகளை முதலிலிருந்து வேறு கண்ணோடு படித்தாள்.

மறுநாள் பதினான்காம் எண் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலையாக இருந்தார். லிஃப்டைப் பிரித்துப் போட்டிருக்கும் இடத்துக்கு லிஃப்டில் போக முடியாது என்பது கேள்விக்காரிக்கு வாசலில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. நான்காம் மாடி வரை வீராப்பாக ஏறினாள். எட்டாம் மாடியில் யார் வீட்டு வாசலிலோ உட்கார்ந்தாள். மொட்டை மாடியில் இருந்த மெஷின் ரூம் கதவைத் தள்ளியபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

"அட, கேள்விக்காரி! உக்காரு, உக்காரு. அந்தப் பெட்டி மேல உக்காராத, கிரீஸ்."

அவரை வேலையிடத்தில் எல்லோரும் லிஃப்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தொரு வயது. நீலச் சட்டை, இடுப்பில் வார், தோளில் கயிறு, முழங்கை வரை கறுப்பு. மோட்டாரைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். கேள்விக்காரி பாதிப் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, வழியெல்லாம் பக்குவமாக யோசித்து வைத்திருந்த வாக்கியத்தை மறந்து, நேராகப் போட்டு உடைத்தாள்.

"அக்கா, ஆப்ல நீங்கதான் எழுதறீங்களா?"

"நானா? இல்லையே. எங்க வீட்டுக்காரர்தான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானே எழுதச் சொன்னேன்!" லிஃப்ட்டக்கா சிரித்தார். "பின்ன என்ன? வலியும் எனக்கு, எழுத்து வேலையும் எனக்கா? அவரு போன்ல ஏத்திக் கொடுத்துட்டேன். நீ பாட்டுக்கு எழுதுய்யான்னுட்டேன். நாள் பூரா உக்காந்த எடம்தானே. ஏன், எழுதறதில்லையா அவரு?"

"எழுதறாரு அக்கா. நிறையவே எழுதறாரு."

"என்ன எழுதறாரு?"

கேள்விக்காரி தன் பையைத் தொட்டுப் பார்த்தாள். இந்த நிலைமைக்கு வழிகாட்டிப் புத்தகத்தில் பக்கம் இல்லை. எழுதியவர் கணவர். உடம்பு இவருடையது. கையெழுத்துப் போட்டு ஆய்வில் சேர்ந்ததும் இவர்தான். கேட்பதும் இவர்தான். பையிலிருந்த தாள்களை எடுத்து நீட்டினாள். லிஃப்ட்டக்கா கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார்.

முதல் பக்கத்தில் சிரித்தார். இரண்டாம் பக்கத்தில், "நான் எப்போ கதவ அறைஞ்சு சாத்தினேன்? அது காத்து!" என்று மெஷின் ரூமே அதிரக் கத்தினார். மூன்றாம் பக்கத்தில் சத்தம் நின்றது. விரல் ஒரு வரியில் நின்று, மேலே போய், மறுபடி கீழே வந்தது.

"ஒம்போது நாளா?"

"போன மாசம் பதினொண்ணு அக்கா."

"எனக்கு அஞ்சு நாள்தானேம்மா. எப்பவும் அஞ்சு." அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு பதில் இருக்கும் என்பதுபோல. "உன் அறுபத்திரண்டு கேள்விலகூட அஞ்சுன்னுதானே சொன்னேன்?"

"ஆமா."

"பொய் சொல்லல. அஞ்சுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

இருபது வருஷமாக அதே எண்ணைச் சொல்லிப் பழகிவிட்டது. வேலை, வீடு, அடுத்த கட்டடம் என்று ஓடுகிறவருக்கு உட்கார்ந்து எண்ண எங்கே நேரம்? கேள்விக்காரி தயங்கித் தயங்கி, சுவரில் கை வைத்த வரியைக் காட்டினாள். நான்கு மாதத்தில் ஆறு தடவை.

"தலை சுத்தும் கொஞ்சம்," என்றார் லிஃப்ட்டக்கா. "இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடச் சொன்னாரு ஒரு டாக்டர், போன வருஷம். பொம்பளைங்களுக்கு இந்த வயசுல இப்படித்தான்னாரு."

"இங்க நிக்கும்போதும் சுத்துமா?"

லிஃப்ட்டக்கா காலடியில் திறந்து கிடந்த சதுரத்தின் வழியாகப் பன்னிரண்டு மாடி ஆழத்தைப் பார்த்தார். பிறகு தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மோட்டாரின் மூடியை எடுத்துப் பொருத்தினார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வா," என்றார். "அந்த எழுத்தாளரைக் கொஞ்சம் விசாரிக்கணும்."

தையல்காரர் ஒல்லியாக, கழுத்தில் அளவு நாடாவோடு, மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடைகள் தொங்கின. மனைவி சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்து மெஷின் மேல் போட்டதும், மிதியை நிறுத்திவிட்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் எழுந்து நின்றார்.

"ஏன்யா, என்னைய வேவு பாக்கறியா?"

"நீதானே எழுதச் சொன்ன?"

"தேதி எழுதச் சொன்னேன். நான் எந்தக் கைய எங்க வெச்சேன்னு எழுதச் சொன்னேனா?"

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்று கேள்விக்காரி குறுக்கே புகுந்தாள்.

லிஃப்ட்டக்கா அவள் பக்கம் திரும்பினார். "என்னை அக்காங்கற. அவர அண்ணேங்கற. அப்போ நாங்க ரெண்டு பேரும் யாரும்மா? ஒரு முறையாக் கூப்பிடு."

தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததும் மனைவியின் கோபமும் பாதியாய்க் குறைந்துபோனது. கேள்விக்காரி அந்த நிமிஷத்திலிருந்து அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"மாமா, நீங்க ஏன் இவ்ளோ எழுதினீங்க?"

அவர் அளவு நாடாவைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டார். "முதல் நாள் அது ஒரு கேள்வி கேட்டுச்சு, இன்னைக்கு எப்படி இருக்குன்னு. நான் இவகிட்ட கேட்டேன். ஒண்ணுமில்லன்னா. மறுநாள் கேட்டேன், ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லங்கறத எந்தக் கட்டத்துல போடறது? ஒரு ஆளு வந்து நின்னா நான் அளவெடுப்பேன். அளவு சொல்லத் தெரியாதவங்களுக்கும் சட்டை தைக்கணுமில்ல? அதான், பாத்து எழுதினேன்." நாடாவைப் பிரித்து மறுபடி சுற்றினார். "எழுத எழுதத்தான் பயம் வந்துச்சு. மாசத்துக்கு மாசம் ரெண்டு நாள் கூடுது. சொன்னா திட்டுவா. யாராவது படிப்பாங்கன்னுதான் எழுதிட்டே இருந்தேன்."

கேள்விக்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த யாராவது அவள்தான். வாரா வாரம் டீ குடித்துக்கொண்டு படித்தாள். படித்துவிட்டு, சுயத்திலிருந்து விலகி நிற்கும் சுயம் என்று தலைப்பு வைத்தாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்," என்றாள். "நானும் வரேன்."

டாக்டரம்மா நல்லவர்தான். தாள்களை ஒன்றுவிடாமல் படித்தார். "இவ்ளோ தெளிவா யாரும் கொண்டுவந்ததில்ல," என்று சொல்லிவிட்டு, தாள் யார் கையிலிருந்து வந்ததோ அவர் பக்கம், அதாவது தையல்காரர் பக்கம், நாற்காலியைத் திருப்பினார். "எத்தனை மாசமா இப்படி இருக்கு? கட்டி கட்டியாப் போகுதா? ஒரு நாளைக்கு எத்தனை தடவ மாத்தறீங்க?"

தையல்காரர் திருதிருவென்று விழித்தார்.

"டாக்டரம்மா," என்றார் லிஃப்ட்டக்கா, "வயிறு இந்தப் பக்கம் இருக்கு."

டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, நாற்காலியைச் சரியான திசைக்குத் திருப்பினார். அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட அத்தனை கேள்விக்கும் லிஃப்ட்டக்காவே பதில் சொன்னார். எண் மறந்த இடத்தில் மட்டும் கையை நீட்டுவார். தையல்காரர் உரிய பக்கத்தை எடுத்துக் கொடுப்பார்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு பாதாளத்தில் இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை. உள்பக்கமாகவே இருப்பதால் வயிற்றைக் கிழிக்காமலே எடுத்துவிடலாம், கர்ப்பப்பையும் அப்படியே இருக்கும் என்றார் டாக்டரம்மா. ஆனால் ரத்தம் ஏறும்வரை உயரத்தில் வேலை கூடவே கூடாது.

முதலில் ஊசி மூலம் இரும்புச் சத்து ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டியை எடுத்தார்கள். காலையில் போனவர் மறுநாள் மதியம் வீட்டில் இருந்தார். ரத்தம் ஏறப் பிடித்த இரண்டு மாதமும் கம்பெனி அவரை அலுவலகத்தில், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடும் போனுக்கு முன்னால் உட்கார வைத்தது. "ஏன் சார் அழறீங்க? காத்து வரும், கயிறு அறாது, பத்து நிமிஷத்துல ஆள் வரும். பக்கத்துல நிக்கறவங்ககிட்ட நாலு வார்த்தை பேசுங்க. ஒரே கட்டடத்துல இருந்துட்டு ஒருநாளாவது பேசியிருக்கீங்களா?" என்று அவர் போடும் அதட்டலில் நகரத்தில் பல பேர் பக்கத்து வீட்டுக்காரரோடு சிநேகமானார்கள்.

குறிப்புப் பெட்டியும் மாறியது. கேட்காமல் எழுதக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. கேட்டு எழுதினால் சண்டை. திங்கட்கிழமைகளில் கேள்விக்காரி தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

"கோபமாக இருந்தாள். இல்லை என்கிறாள். பசி என்கிறாள். பசி என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். ஆனால் கோபம்தான்."

ஆனாலும் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருந்தது. பதினான்காம் வரிசையை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஏழு பேர் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "கணவன் எழுதினால் அது கணவனின் தரவு" என்றார் ஒருவர். "அப்போ ரத்தம் யாருடையது?" என்றார் இன்னொருவர். இரண்டு மணி நேரம், மூன்று தட்டு பிஸ்கட். கடைசியில் பேராசிரியை எழுந்தார். தூக்கிடு என்று முதலில் சொன்னவரே அவர்தான். "தப்பு அந்த வீட்ல இல்ல, நம்ம கேள்வில இருக்கு," என்றார். "ஒரு போன், ஒரு பொம்பள, ஒரு விரல்னு நாமளே முடிவு பண்ணிட்டோம். இவளோட அறுபத்திரண்டு கேள்வில ஒண்ணுகூட, வீட்ல வேற யாருக்கு இது தெரியும்னு இல்ல." குழு ஒத்துக்கொண்டது. இருவரும் கையெழுத்துப் போட்டால் வரிசை இருக்கலாம். மற்ற இருபத்தொரு பேரிடமும் கேள்விக்காரி திரும்பப் போய், அறுபத்துமூன்றாவது கேள்வியைக் கேட்க வேண்டும்.

போனாள். கேட்டாள். வந்த பதில்களில் தலைகால் புரியவில்லை. நர்ஸ் ஒருவரும் அவர் மகளும் ஒரே கணக்கில் எழுதிவந்தார்கள். எந்த நாள் யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அந்த வங்கிக் காசாளருக்கு அடுத்த கவுண்ட்டர் தோழிதான் செயலி. மாதா மாதம் அவள்தான் சொல்வாளாம்: "நீ ரப்பர் ஸ்டாம்ப ஓங்கி ஓங்கிக் குத்தினா ரெண்டு நாள்ல வந்துரும்பா. இதுவரைக்கும் தப்பினதே இல்ல." பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு மாதத்துக்கு உண்டானதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து கற்பனையாகவே நிரப்பிவிடுவதாகச் சொன்னார். "உன்னைப் பாத்தா பாவமா இருந்துச்சும்மா. படிப்ப முடிக்கணுமே நீ." கேள்விக்காரி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாள். அன்று இரவே பழைய ஆறு பக்கத்தையும் அழித்தாள். ஆய்வின் நான்காம் அத்தியாயம் புதிதாகப் பிறந்தது.

அத்தியாயம் முடிந்ததும், அச்சுக்குப் போகும் முன், சம்பந்தப்பட்டவர்களிடம் காட்ட வேண்டும் என்பது விதி. ஒரு சனிக்கிழமை மதியம் சீருடைகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து அவள் படித்துக் காட்டினாள். லிஃப்ட்டக்கா வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. முகத்தில் நிறம் ஏறியிருந்தது. ஆப்பிளைக் கடித்துக்கொண்டே கேட்டார். தையல்காரர் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா போட்டுக்கொண்டே, "அங்க ஒரு ஒற்று மிஞ்சி வருது" என்று திருத்தம் சொன்னார்.

"இந்தக் குடும்பத்தில் கணவர், மனைவியின் உடல்நலத்தைக் கவனிப்பதில் அவருக்கு உதவினார்," என்று கேள்விக்காரி படித்தாள்.

"நிறுத்து," என்றார் லிஃப்ட்டக்கா. "உதவினாரா? யாருக்கு உதவினாரு?"

"உங்களுக்குத்தான் அக்கா."

"என்னோட வேலை மாதிரியும், இவரு போனாப் போகுதுன்னு கை கொடுத்த மாதிரியும்ல இருக்கு. வீட்ல ஒரு ஆளு உடம்பப் பாத்துக்கறது ரெண்டு பேரோட வேலைதானே? அதுல பாதிய இவரு செஞ்சாரு. அப்படி எழுது."

கேள்விக்காரி அந்த வரியை அடித்தாள். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்து, மேலே புதிதாக எழுதினாள்.

"பாதியா?" தையல்காரர் ஊசியை நிறுத்தி நிமிர்ந்தார். "எட்டு மாசம் நாள் தவறாம எழுதினவன் நான். முக்கால்னு போடு."

"வலிச்சது யாருக்கு?"

"எழுதினது யாரு?"

"வலிக்காம என்னத்த எழுதியிருப்ப?"

அது ஓயும் வழியாகத் தெரியவில்லை. கேள்விக்காரி தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, தட்டிலிருந்த ஆப்பிள் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தபடி, இரண்டு பேர் சொல்வதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.